சின்னாற்று மணலில் படித்த குடும்பம்

மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு கரடிக்குட்டியின் கதை பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. மைசூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் தாய்க்கரடி சுடப்பட்டு விழுகிறது. அதன் முதுகில் ஒட்டிக் கிடந்த குட்டியைப் பிடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய் ஒருவர் தன் மனைவியிடம் கொடுக்கிறார். புட்டிப்பாலில் தொடங்கிய குட்டி சீக்கிரமே வீட்டில் உள்ளவர்கள் தின்பதையெல்லாம் தின்கிறது. எலிக்கு வைத்த விஷத்தைத் தின்று கைகால் விளங்காமல் போய், ஊசி போட்டுப் பிழைக்கிறது. ஸ்டூடிபேக்கர் காரிலிருந்து வடித்து, கறையானுக்காக எடுத்து வைத்திருந்த பழைய எஞ்சின் எண்ணெயைக் குடித்தும் ஒன்றும் ஆகாமல் திரிகிறது. ‘குழந்தை எங்கே?’ என்று கேட்டால் ஒரு மரக்கட்டையை எடுத்து அணைத்துக்கொள்கிறது. பெரிதாக வளர்ந்த பிறகு, அந்த வளவில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளை நினைத்து, தகப்பனும் மகனும் பேசி வீட்டம்மாவைச் சம்மதிக்க வைத்து அதை மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்புகிறார்கள். கரடியும் இளைக்கிறது, வீட்டம்மாவும் இளைக்கிறார். கடைசியில் அது வீட்டுக்கே திரும்பி வருகிறது.

கதையை எழுதியவர் கென்னத் ஆண்டர்சன். வீட்டம்மா அவர் மனைவி பிளாசம். மகள் ஜூன் 1930-லும் மகன் டொனால்டு 1934-லும் பிறந்தவர்கள். பென்னாகரம் வட்டத்தில் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தருமபுரியில் அந்தப் பாடத்தை நடத்திய இளம் ஆசிரியர்களிடம், ‘இந்தக் குடும்பத்துக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்த இடங்களில் ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது’ என்று சொன்னால் வியக்கிறார்கள். மாவட்ட வரலாறு என்றால் அதியமான் கோட்டை, திப்பு, மன்றோ, பாப்பாரப்பட்டியில் காலமான சுப்பிரமணிய சிவா என்று வரிசை வைக்கப் பழகிவிட்டோம். சின்னாற்றங்கரையில் நடந்த அந்தக் காட்டுப் படிப்பும் நம் வரலாறுதான். அதில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் நம் ஆட்கள்.

அந்தக் குடும்பம் எப்படி வேறுபட்டது என்று புரிய, இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மன்றோவையே எடுத்துக்கொள்வோம். 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி அடங்கிய பாராமகால் திப்புவின் கையிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்கு வந்தது. கேப்டன் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக வந்த தாமஸ் மன்றோ, 1799 வரை தருமபுரியைத் தன் இடமாக வைத்துக்கொண்டு நிலம் அளந்தார், வரி போட்டார், தோட்டம் வளர்த்தார். அப்போது அவர் தனிக்கட்டை. திருமணம் 1814-ல்தான் நடந்தது. பிறகு சென்னை ஆளுநராக இருந்தபோது இளைய மகனுக்கு உடல்நலம் கெட்டது. 1826-ல் மனைவி அந்தக் குழந்தையோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மறு ஆண்டு ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா கண்டு மன்றோ இறந்தார். குடும்பம் மீண்டும் ஒன்றுகூடவே இல்லை.

ஆளுநருக்கே அந்தக் கதி. மற்றவர்கள் வீட்டிலும் பிள்ளைக்கு ஐந்தாறு வயதானதும் கப்பல் ஏற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. பம்பாயில் பிறந்த ரட்யார்டு கிப்ளிங்கை 1871-ல், ஆறு வயது நிறையும் முன்பே, தங்கையோடு சவுத்சீயில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பி வந்தார்கள். அந்தப் பிரிவு அவரை வாழ்நாளெல்லாம் வருத்தியது. மலைமேல் பள்ளிகள் வந்தபிறகு சில குடும்பங்களுக்குக் கடலைத் தாண்டும் தேவை குறைந்தது. 1858-ல் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் கொடைக்கானல் பள்ளி, 1917-ல் நமக்குப் பக்கத்திலேயே ஏற்காட்டில் மான்ட்போர்ட் எல்லாம் அப்படி வந்தவை. சமவெளியில் அப்பா அம்மா, மலையில் பிள்ளைகள், நடுவில் கடிதங்கள். வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து பிள்ளைகளை மேலே அனுப்பினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு கலந்துவிடக்கூடாது என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

ஆண்டர்சன் குடும்பம் இதில் எந்தப் பக்கமும் சேராதது. ஸ்காட்லாந்து வழியினர், ஆனால் பல தலைமுறையாக இங்கேயே வேர்விட்டவர்கள். 1910-ல் ஐதராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்த கென்னத், பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தார். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்துவிட்டார். தபால் தந்தித் துறையில் பதினைந்து ஆண்டுகள், பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மேலாளர். மாதச் சம்பளக்காரர், பெரிய ஜமீன்தார் இல்லை. விடுமுறை கிடைத்தால் கார் ஓசூரைத் தாண்டித் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகவோ பாலக்கோடு வழியாகவோ எங்கள் காட்டுக்கு இறங்கும். அன்று இது சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்துபோனது. ஆகவே அவர் கதைகளில் வரும் ஊர்கள் இன்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. ஜவளகிரியும் அஞ்செட்டியும் அந்தப் பக்கம், பென்னாகரமும் ஒகேனக்கலும் இந்தப் பக்கம்.

பென்னாகரத்திலிருந்து காட்டுக்குள் போனால் அவர் எழுதும் முத்தூர், அதை அடுத்துச் சின்னாறு. தளி, தேன்கனிக்கோட்டை மலைகளில் தொடங்கி ஒகேனக்கல் அருகே காவிரியில் விழும் ஆறு அது. மழைக்காலத்தில் சீறி வரும். கோடையில் ஆற்றில் மணல் மட்டும்தான், அங்கங்கே மடு. அந்த மடுக்களுக்கு இரவில் வந்துபோன எல்லா உயிரும் மணலில் கையெழுத்துப் போட்டிருக்கும். காட்டைப் படிக்க விரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் வட்டாரத்தில் இல்லை.

அங்கே ஆண்டர்சனுக்குக் கிடைத்தவர்கள் இருவர். ஒருவர் ரங்கா. முத்தூரிலிருந்து பென்னாகரத்துக்கு மூங்கில் ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர். மற்றவர் பைரா. பூசாரி என்று ஆண்டர்சன் குறிப்பிடும் காட்டுக்குடியைச் சேர்ந்தவர். சின்னாற்றின் கரையில் குடைந்த குழிதான் வீடு, மேலே புல் வேய்ந்தது. இடுப்பில் ஒரு கோவணம், கையில் உரிமம் இல்லாத பழைய நாட்டுத் துப்பாக்கி. 1954-ல் வெளிவந்த முதல் புத்தகத்திலேயே பைராவுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார் ஆண்டர்சன். மற்ற அத்தியாயங்களுக்கெல்லாம் புலி, சிறுத்தை, யானை என்று விலங்குகளும் ஊர்களும் தலைப்பாக நிற்கும்போது ஒரு மனிதரின் பெயர் அப்படித் தலைப்பாக நிற்பதை நான் மிகவும் மதிக்கிறேன். காட்டைப்பற்றித் தனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பைரா தந்தது என்ற நன்றி அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

என் தாய்வழித் தாத்தாவும் மூங்கில் வண்டி ஓட்டியவர். ரங்காவைவிட இளையவராக இருந்திருப்பார். அந்த வேலையின் கஷ்டம் எனக்குத் தாத்தா வாயாலேயே தெரியும். வண்டிகள் தனியாகப் போகாது, வரிசையாகத்தான் போகும். அச்சுக்குக் கீழே லாந்தர் ஆடும், மாட்டின் கழுத்தில் மணி குலுங்கும். ‘பொழுது சாய்ஞ்சா காடு நம்மளது இல்ல கண்ணு, அதுங்களது. மணிய ஆட்டி, நாங்க வந்துட்டுப் போயிடறோம்னு சொல்லிட்டே வரணும்’ என்பார். களியும் மிளகாய்த் துவையலும் கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். ஆட்கொல்லி என்று வதந்தி வந்துவிட்டால் வண்டிகள் நிற்கும், வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும். துரை வந்து புலியைச் சுட்டார் என்ற கதையை ஆங்கிலத்தில் படிக்கும்போது சாகசம் தெரிகிறது. தாத்தா சொல்லிக் கேட்டபோது எனக்கு அந்த நின்றுபோன அடுப்புகள்தான் தெரிந்தன.

அந்தக் காட்டுப் படிப்பில் என்ன இருந்தது? தடம் முதல் பாடம். ஆண்புலியின் தடம் சதுரமாக விரிந்திருக்கும், பெண்புலியுடையது சற்று நீண்டு ஒடுங்கியிருக்கும். தடத்தின் விளிம்பு கூராக நின்றால் புதியது, சரிந்திருந்தால் பழையது. பனித்துளி விழுந்த குழி தடத்துக்குள் இருந்தால் விலங்கு முன்னிரவிலேயே போய்விட்டது. பனி பட்ட மணலைத் தடம் நசுக்கியிருந்தால் விடியலில் போயிருக்கிறது. அடுத்தது காது. மந்தி மரத்து உச்சியிலிருந்து கரகரத்தால் அது புலியையோ சிறுத்தையையோ கண்ணால் கண்டுவிட்டது. புள்ளிமான் சிறு சத்தத்துக்கும் பதறும், அதை உடனே நம்பிவிடக்கூடாது. கடமான் விட்டுவிட்டுக் கனமாகக் கத்தினால் நம்பலாம். இரவில் ஆள்காட்டிக் குருவி எழுந்து பறந்தால் ஏதோ ஒன்று நடந்து வருகிறது. பிறகு உடம்புப் பயிற்சி. பரண்மேல் ஏறிவிட்டால் இருமக்கூடாது, கொசுவை அடிக்கக்கூடாது, பனியில் நனைந்தாலும் அசையக்கூடாது. இத்தனையும் எழுதப் படிக்கத் தெரியாத மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்தது. கற்றுக்கொடுக்கக் கூலி கேட்டவர்களும் இல்லை.

தகப்பனுக்குக் கிடைத்த அந்தப் படிப்பு மகனுக்கும் போனது. டொனால்டும் பிஷப் காட்டன் மாணவர்தான். வாரநாளில் சீருடை, லத்தீன் மணம் வீசும் பள்ளி, கிரிக்கெட். விடுமுறையில் அப்பாவின் கார். பல கதைகளில் அவரும் உடன் வருகிறார். எடின்பரோவுக்குப் போய் மனம் ஒட்டாமல் திரும்பிய தகப்பன் தன் பிள்ளையை அந்தப் பாதையில் அனுப்பாமல் காட்டில் வளர்த்தது எனக்குப் புரிகிறது. பிள்ளைகளைக் கண்காணாத இடத்தில் விட்டு வளர்த்த கிப்ளிங் வீட்டாரைவிட இந்தத் தகப்பன் பிள்ளைக்கு நெருக்கமானவராகவே எனக்குத் தெரிகிறார். மகளைப்பற்றித்தான் வருத்தம். கதைகளில் டொனால்டு தெரியும் அளவுக்கு ஜூன் தெரிவதில்லை. வேட்டைக் கதைகளில் பெண்பிள்ளைகளுக்கு என்றுமே இடம் குறைவு, அந்தக் கரடிக் கதையில் பிளாசம் அம்மையாருக்குக் கிடைத்த இடம் விதிவிலக்கு.

கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டது. தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்து காடுகள் ‘ரிசர்வ்’ ஆயின. அதுவரை விறகு, தேன், கிழங்கு, இறைச்சி என்று காட்டில் பிழைத்தவர்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். காசு கட்டி உரிமம் வாங்கிய துரை அதே காட்டில் மான் சுட்டால் வேட்டைக்காரர். பிள்ளைகளின் பசிக்கு மான் சுட்ட பைரா திருட்டு வேட்டைக்காரர். ஆண்டர்சன் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, நண்பராக வைத்துக்கொண்டார். அது அந்த மனிதரின் நல்ல மனசு. ஆனால் சட்டம் அப்படியேதான் இருந்தது. டொனால்டு வயதுப் பிள்ளைகள் பைராவின் குடியிலும் இருந்திருப்பார்கள். அவர்களும் அதே மணலில் அதே தடங்களைப் படித்தவர்கள். அந்தப் படிப்பு ஒருவனை ஊர் மெச்சும் ஷிகாரி ஆக்கியது. மற்றவனை வனக் காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ வைத்தது.

கொன்றவற்றின் கணக்கையும் மறைக்க வேண்டியதில்லை. 1939 முதல் 1966 வரை எட்டு ஆட்கொல்லிச் சிறுத்தைகளும் ஏழு ஆட்கொல்லிப் புலிகளும் ஆண்டர்சன் கணக்கில் பதிவாகியிருக்கின்றன. கதைகளில் சில இடங்களில் மிகை இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு, படிக்கும்போது எனக்கும் அப்படித் தோன்றிய இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஊர், ஓடை, மலைத்திருப்பம், மனிதர்களின் சாப்பாடு, அவர்கள் பேசும் விதம் ஆகியவற்றில் அவர் கை தவறுவதில்லை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைச்சாலையை அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இன்று அந்தப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வயதான பிறகு சுடுவதைக் குறைத்து, விலங்குகளைப் படம் எடுப்பதில் அவர் மனம் போனது.

1947-ல் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டின. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று பெங்களூர் கன்டோன்மென்ட் பகுதியிலிருந்து வீடு வீடாகக் கிளம்பினார்கள். நைனிடாலில் பிறந்து குமாவோன் மக்களின் தெய்வம்போல் இருந்த ஜிம் கார்பெட்டே அந்த ஆண்டு கென்யாவுக்குப் போய்விட்டார். அங்கேயே 1955-ல் இறந்தார். ஆண்டர்சன் போகவில்லை. அவருடைய புத்தகங்கள் எல்லாம் வந்தது அதற்குப் பிறகுதான். 1974 ஆகஸ்டில் பெங்களூரில் காலமானார். அதற்குள் காலம் மாறியிருந்தது. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை, 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். நாடு முழுவதும் எண்ணியபோது 1,827 புலிகளே மிஞ்சியிருந்தன. அந்தச் சட்டங்கள் வந்திருக்காவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

அப்போது டொனால்டுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். சிறுவயதில் கற்ற வித்தை முழுவதும் ஒரு சட்டத்தோடு பயனற்றுப்போனது. அவரும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. முதுமையில் அவர் சொன்ன நினைவுகள் அவர் இறந்த பிறகு, 2018-ல், ஜோஷுவா மேத்யூவின் துணையோடு புத்தகமாயின. அப்பாவின் கதைகளைப் பூர்ணசந்திர தேஜஸ்வி கன்னடத்தில் எழுதி, கர்நாடகத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆண்டர்சன் சொந்த மனிதர். கதை நடந்த மண்ணில் பாதி நம்முடையது, ஆனால் நம் பிள்ளைகளுக்கு ரங்காவும் பைராவும் யாரென்றே தெரியாது.

டொனால்டு 2014-ல் காலமானார். அதே 2014-ல்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து, 500 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேலான பரப்பைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. யானைக்கும் சிறுத்தைக்கும் நரை அணிலுக்கும் அது நல்ல காலம். மாட்டுப்பட்டி போட்டுக் காட்டோரம் பிழைத்த குடிகளுக்கு அது இன்னொரு வேலி. காட்டில் வாழ்ந்தவர்களின் உரிமையை 2006-ன் வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது. உரிமை காகிதத்தில் வந்திருக்கிறது. அவர்களின் அறிவை யாரும் இன்னும் எழுதி வாங்கவில்லை. தடம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் வயதாகிவிட்டது. வனத்துறையின் கணக்கெடுப்பு வரும்போது கூலிக்கு அழைக்கிறார்கள், முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள்.

என்னிடம் படித்த சிலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து, வண்டி ஓட்டியவர்கள், தேன் எடுத்தவர்கள், தடம் பார்ப்பவர்கள் ஆகியோரின் பெயர்களையும் மடுக்களின் பெயர்களையும் வீடு வீடாகக் கேட்டு எழுதி வருகிறோம். வரும் சித்திரையில் சின்னாறு வற்றியதும், காட்டோரத்துப் பெரியவர் ஒருவரை ஆசிரியராக வைத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது மணலுக்கு அழைத்துப்போக வேண்டும், பெண்பிள்ளைகளையும் சேர்த்து. வனத்துறைக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அந்தப் பெரியவருக்கு ஒரு நாள் ஆசிரியர் சம்பளம் தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறோம்.